லிஃப்டுக்குள் குழந்தை, நாய், பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பார்ட்மென்ட்டில் வளரும் குழந்தையும் நாய்க்குட்டியும் தினமும் பல முறை லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். நமக்கு அது ஒரு வண்டி. அவர்களுக்கு அது ஓர் அறை: கதவு மூடுகிறது, உடம்பு லேசாக அழுந்துகிறது, கதவு திறக்கும்போது வெளியே வேறு இடம் இருக்கிறது. பயம், அடம், தவறான மாடியில் ஓட்டம் என்று இங்கே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே கிளம்புகின்றன.

லிஃப்ட் நகர்வது ஒரு வயதுக் குழந்தைக்குத் தெரியுமா?

உடம்புக்குத் தெரியும். உள்காதில் மேல்-கீழ் அசைவை உணரும் சிறு பை ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் வேகம் மாறும்போது இடம் பெயர்ந்து நரம்புக்குச் சேதி அனுப்பும். பிறக்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்ட உறுப்பு இது. ஆனால் அது உணர்வது வேக மாற்றத்தை மட்டும்தான். சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் லிஃப்டும் நின்றுகொண்டிருக்கும் லிஃப்டும் அதற்கு ஒன்றே.

குடியிருப்புகளில் உள்ள லிஃப்டுகள் பல நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகின்றன. அந்த வேகத்தை எட்ட ஒன்றரை முதல் இரண்டு நொடி ஆகும். மேலே கிளம்பும் அந்த நேரத்தில் 12 கிலோ குழந்தை தராசில் நின்றால் முள் சுமார் 12.7 கிலோ காட்டும். மேலே சென்று நிற்கும்போது அதே அளவு குறைத்துக் காட்டும். ஆகவே ஒரு பயணத்தில் குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு சிறு உணர்ச்சிகள், நடுவில் ஒன்றுமில்லை. கைக்குழந்தை கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் கண் விரித்து நம் சட்டையைப் பற்றுவதற்குக் காரணம் இதுதான். ‘நாம் மேலே போகிறோம்’ என்று அந்த உணர்ச்சிக்குப் பொருள் கொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

“பார்க்கிங் எங்கே போச்சு?” என்று இரண்டரை வயது மகள் கேட்கிறாள். என்ன நினைத்துக்கொள்கிறாள்?

கதவுக்கு வெளியே இருந்ததை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கலாம். அந்த வயதுக்கு அது முற்றிலும் நியாயமான முடிவு. அவள் கண் முன்னால் சுவரும் கண்ணாடியும் அப்படியே இருந்தன; மாறியது வெளிப்பக்கம் மட்டும்தானே.

இந்த வயதுக் குழந்தைகள் இயந்திரங்களை எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 1997-இல் வெளியானது. உளவியலாளர் ஜூடி டெலோச்சும் அவருடன் பணியாற்றியவர்களும், ஓர் அறையையே சுருக்கிவிடும் இயந்திரம் என்று சொல்லி ஒரு கருவியை இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பெரிய அறையில் பொம்மையை ஒளித்து, குழந்தையை வெளியே அழைத்து வந்து, ‘சுருக்கிய’ பிறகு அதே அறையின் சிறு மாதிரியைக் காட்டினார்கள். குழந்தைகள் நேராகப் போய்ப் பொம்மை இருக்க வேண்டிய இடத்தில் தேடினார்கள். அறை சுருங்கியதை அவர்கள் நம்பிவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் பார்க்கிங் மறைந்து பாட்டி வீட்டு வாசல் வரும் என்பது அதைவிடச் சின்ன அதிசயம்தான்.

திருத்த அவசரப்பட வேண்டாம். “பார்க்கிங் அங்கேயே இருக்கு. நாம மேலே வந்துட்டோம். வா, ஜன்னல்ல பார்க்கலாம்” என்று சொல்லி, மாடி ஜன்னலிலிருந்தோ பால்கனியிலிருந்தோ அவளைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உங்கள் வண்டியைக் காட்டுங்கள். மேலிருந்து பார்த்த வண்டி பத்து விளக்கங்களுக்குச் சமம்.

எந்த வயதில் எது புரியும்?

குழந்தைக்குக் குழந்தை மாறும். கீழே இருப்பது பொதுவான வரிசை.

ஒரு வயதுக்கு முன், மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற புரிதலே உருவாகிக்கொண்டிருக்கும். மறைத்த பொருளைத் தானே தேடி எடுப்பது பெரும்பாலும் 8 மாதம் முதல் 12 மாதத்துக்குள் வருகிறது என்று உளவியலாளர் ழான் பியாஜே விவரித்தார். அப்பா வெளியே நிற்க, கதவு மூடிக்கொண்டால் இந்த வயதில் அழுகை வருவது அதனால்தான். கையசைத்துவிட்டுப் போவதைவிட, மூடும்வரை குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது உதவும்.

ஒன்றரை வயது முதல் இரண்டு வரை பட்டன்தான் உலகம். அழுத்தினால் விளக்கு எரிகிறது, கதவு அசைகிறது. எந்தப் பட்டன் எதற்கு என்பதில் அக்கறை இல்லை. எல்லாவற்றையும் அழுத்துவது குறும்பில்லை, சோதித்துப் பார்ப்பது. இரண்டு, மூன்று வயதில் நம் வீட்டுப் பட்டனை அதன் இடத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். எண்ணை வைத்து அல்ல. அதனால் மாமா வீட்டு லிஃப்டிலும் அதே இடத்தில் உள்ள பட்டனை அழுத்திவிட்டு, ‘நம் வீடு’ வராதது கண்டு குழம்புவார்கள்.

மூன்றரை, நாலு வயதில் எண்ணுக்கும் அளவுக்கும் தொடர்பு பிடிபடுகிறது. மாடி எண் மாறுவதைப் பார்த்துக் கூடவே சொல்லத் தொடங்குவார்கள். ஐந்து வயதையொட்டி, கூண்டு ஒரு கிணறு போன்ற வழியில் மேலும் கீழும் போகிறது என்ற படம் மனத்தில் உருவாகும். கயிறு, எடை, மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

தரைத்தளத்தை ‘ஜி’ என்றோ 0 என்றோ எண்ணும் கட்டடத்திலிருந்து, அதையே 1 என்று எண்ணும் சிங்கப்பூர் போன்ற ஊருக்குப் போனால் ஆறு வயதுப் பிள்ளைகூடத் தடுமாறும். அது கணக்குக் குறையல்ல.

லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று எளிதாகக் காட்ட வழி உண்டா?

ஒரு ஷூ பெட்டி போதும். நிமிர்த்தி வைத்து, திறந்த பக்கம் குழந்தையைப் பார்த்து இருக்கட்டும். மேலே இரு பக்கமும் துளையிட்டு ஒரு பென்சிலைக் குறுக்கே செருகுங்கள். அதன் மேல் நூலைப் போட்டு, ஒரு முனையில் உள்ளே சின்ன பொம்மையோடு தீப்பெட்டித் தட்டு, மறுமுனையில் டேப் ஒட்டிய நாணயம். எடை ஏறத்தாழ சமமானதும் விரல் நுனியால் தொட்டாலே பொம்மை ஏறி இறங்கும். பின்சுவரில் மூன்று நிறக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அவைதாம் மாடிகள். பொம்மை சிவப்பு மாடியிலிருந்து மஞ்சளுக்குப் போகிறது, சிவப்பு அங்கேயே இருக்கிறது: குழந்தை வெளியே நின்று பார்ப்பதால் இது உடனே விளங்குகிறது. லிஃப்டுக்குள் நின்றுகொண்டு அவளால் பார்க்கவே முடியாதது இது.

நிஜ லிஃப்டிலும் இப்படித்தான். கூண்டு மேலே போகும்போது ஓர் இரும்பு எடை கீழே வரும். காலிக் கூண்டின் எடையோடு, ஏற்றக்கூடிய சுமையில் 40 முதல் 50 சதவீதத்தைக் கூட்டி அந்த எடையை வைப்பார்கள். ‘6 பேர், 408 கிலோ’ என்று எழுதிய லிஃப்டில் மூன்று பேர் நின்றால் மோட்டாருக்கு வேலை குறைவு.

பெரிய பிள்ளைகளுக்கு முள் வைத்த பழைய எடைத் தராசைக் கொண்டு போங்கள். டிஜிட்டல் தராசு எண்ணைப் பிடித்து நிறுத்திவிடுவதால் உதவாது. நாலைந்து ரப்பர் பேண்டுகளைக் கோத்து, சாவிக்கொத்தைத் தொங்கவிட்டாலும் கிளம்பும்போது இறங்கி, நிற்கும்போது ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

கதவு திறந்ததும் எந்த மாடியானாலும் இறங்கி ஓடுகிறான். ஏன்?

எல்லா மாடி வராந்தாவும் ஒரே அச்சு. 1994-இல் உளவியலாளர்கள் லிண்டா ஹெர்மரும் எலிசபெத் ஸ்பெல்கியும் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளைச் சிறிய செவ்வக அறையில் சுற்றித் திசை தெரியாமல் ஆக்கிவிட்டு, மூலையில் ஒளித்த பொருளைத் தேடவிட்டார்கள். ஒரு சுவர் நீல நிறமாக இருந்தும் அதைப் பயன்படுத்தாமல், அறையின் வடிவத்தை மட்டும் நம்பித் தேடினார்கள். லிஃப்டுக்கு வெளியே வலது பக்கம் திரும்பினால் வீடு என்று கற்ற குழந்தைக்கு, ஒவ்வொரு மாடியும் வீடுதான். மாடியைக் காட்ட நீங்கள் வண்ணப் படம் ஒட்டினாலும் அது அவனுக்கு அடையாளமாகவே படாமல் போகலாம்.

ஆகவே சின்னவர்களுக்கு அடையாளம் கற்பிப்பதைவிட ஒரு செயலைக் கற்பிப்பது பலன் தரும். கதவு திறந்ததும் கையைப் பிடித்து, “எத்தனை?” என்று கேட்டு, எண்ணைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் காலை வெளியே வைப்பது. ஒவ்வொரு முறையும், அவசரத்திலும். நாலு வயதுக்கு மேல் வண்ண அடையாளம் நன்றாக வேலை செய்யும். கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளவில் ஒட்டுங்கள்.

நாய்க்குத் தன் மாடி தெரியுமா?

மாடி எண்ணிக்கை தெரியும் என்று நம்ப ஆதாரம் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மூளை ஆய்வாளர் கேட் ஜெஃப்ரியின் குழு 2011-இல் எலிகளிடம் கண்டது இது: மூளையில் இடத்தைக் குறிக்கும் செல்கள் பக்கவாட்டுத் தொலைவைத் துல்லியமாகப் பதிகின்றன, உயரத்தை அவ்வளவாகப் பதிவதில்லை. நாயிடம் இதே அளவுக்குச் சோதிக்கப்படவில்லை என்றாலும், நடத்தையில் பார்ப்பது இதோடு ஒத்துப்போகிறது. நாய்க்கு ‘கதவு திறந்தது’ என்பதே ‘போகலாம்’ என்ற சைகை. அதனால் தவறான மாடியிலும் துள்ளி வெளியேறுகிறது. இரண்டடி போனதும் மூக்கு வேலை செய்து, நின்று திரும்பிப் பார்க்கிறது. தன் வாசல் வாசனை கதவிடுக்கு வழியே வந்துவிட்டால் திறப்பதற்கு முன்பே வாலாட்டும் நாய்களும் உண்டு. தினசரிப் பயணத்தின் நேரமும் பழகிவிடும்.

என் நாய் லிஃப்டுக்குள் வர மறுக்கிறது. உயரத்துக்குப் பயமா?

மூடிய கூண்டுக்குள் உயரமே தெரியாது. பயம் பெரும்பாலும் வாசலில் இருக்கிறது. கீழ்க்கண்டவற்றைக் குனிந்து, நாயின் உயரத்திலிருந்து பாருங்கள்.

தரை: ஸ்டீல் தகடோ பாலிஷ் போட்ட கிரானைட்டோ நகத்துக்குப் பிடி தராது. கிளம்பும்போது கால் வழுக்கிய ஒரே அனுபவம் போதும், அடுத்த முறை வாசலிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும்.

இடைவெளி: வாசல் படிக்கும் கூண்டுக்கும் நடுவே ஐரோப்பியத் தரநிலை 35 மி.மீ. வரை இடைவெளியை அனுமதிக்கிறது. அதன் வழியே கீழே இருட்டும், குழியிலிருந்து காற்றும், கிரீஸ் வாசனையும் வரும். பொமரேனியன் குட்டியின் பாதம் அதற்குள் இறங்கிவிடும். கூண்டு தரையோடு சமமாக நிற்காத பழைய லிஃப்டில் படி வேறு.

ஒலி: “தயவுசெய்து கதவை மூடவும்” என்று கூரையிலிருந்து ஆளில்லாத குரல் வருவது நாய்க்குப் பெரிய புதிர். மோட்டாரை இயக்கும் டிரைவின் கீச்சொலியும் நம்மைவிட நாய்க்குத் தெளிவாகக் கேட்கும். மனிதக் காதின் எல்லை 20 ஆயிரம் ஹெர்ட்ஸ். நாய்க்கு ஏறத்தாழ 45 ஆயிரம், பூனைக்கு 60 ஆயிரத்துக்கும் மேல்.

காற்று: தலைக்கு மேல் உள்ள மின்விசிறி. சில நாய்களுக்கு இது ஒன்றே காரணம். சுவிட்சை அணைத்துப் பாருங்கள், இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

படிப்படியாகப் பழக்குவது எப்படி?

வீட்டில் நாய் படுக்கும் ரப்பர் பாய் ஒன்று, பட்டாணி அளவுக்கு நறுக்கிய வேகவைத்த கோழித் துண்டு 20, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, உதவிக்கு ஒருவர். பள்ளி, அலுவலக நேரம் தவிர்த்து காலை 11 மணிக்கு மேலோ பிற்பகலிலோ செய்யுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

முதலில் லிஃப்டிலிருந்து மூன்று, நாலு மீட்டர் தள்ளி நில்லுங்கள். உதவியாளர் கதவைத் திறந்து மூடட்டும்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு துண்டு. நாய் கதவைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினால் அரை மீட்டர் முன்னேறலாம். அடுத்து, கதவு திறக்கும் பட்டனை உதவியாளர் அழுத்திப் பிடித்திருக்க, பாயை உள்ளே விரித்து, வாசலில் ஒன்று, பாயில் இரண்டு என்று துண்டுகளைப் போடுங்கள். நாய் தானாக உள்ளே போகட்டும், தானாக வெளியே வரட்டும். இந்தக் கட்டத்தில் கதவை மூடவே கூடாது. தின்றுகொண்டிருக்கும்போது சட்டென்று மூடிவிட்டுக் காரியத்தை முடிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நாய்க்கு லிஃப்ட் பொறியாகிவிடும், தின்பண்டமும் அதன் தூண்டிலாகிவிடும். பல வீடுகளில் பயிற்சி கெடுவது இந்த இடத்தில்தான்.

நாலு கால்களும் தயக்கமின்றி உள்ளே வரத் தொடங்கிய பிறகு, கதவை மூடி, நகராமல், உடனே திறவுங்கள். அதன் பிறகே ஒரு மாடிப் பயணம். கிளம்பும் கணத்திலும் நிற்கும் கணத்திலும் துண்டு கொடுக்க வேண்டும், ஏனென்றால் உடம்பு அசைவை உணர்வது அந்த இரண்டு கணங்களில்தான். நடுவில் கொடுப்பது வீண். இறங்கியதும் அந்த மாடியை முகர்ந்து பார்க்க விடுங்கள். திரும்பப் படிக்கட்டில் வாருங்கள்.

கொட்டாவி, உதடு நக்குதல், காதைப் பின்னால் மடித்தல், வாலைக் கீழே சுருட்டுதல், கண் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல் ஆகியவை பயத்தின் அடையாளங்கள். பிடித்த தின்பண்டத்தையே மறுத்தால் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். இழுத்து உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

குட்டி நாய்க்கு வேலை சுலபம். மூன்று முதல் 12, 14 வாரம் வரை புதியவற்றை ஏற்கும் பருவம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே லிஃப்டில் போய் வரலாம். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றும் அபாயம் குறையும், பழக்கமும் வந்துவிடும்.

நாயின் கயிறு கதவில் சிக்கினால்?

இந்தப் பக்கத்தில் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி இது. நாய் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம், நடுவில் கதவு மூடி லிஃப்ட் கிளம்பிவிட்டால், கயிறு நாயைக் கழுத்தோடு இழுக்கும்.

‘கதவில் சென்சார் இருக்கிறதே’ என்று நம்பியிருக்கக் கூடாது. ஐரோப்பியத் தரநிலை கேட்பது, தரையிலிருந்து 25 மி.மீ. முதல் 1,600 மி.மீ. உயரம் வரை, 50 மி.மீ. குறுக்களவுள்ள பொருளை ஒளித்திரை (வாசலுக்குக் குறுக்கே பாயும் ஒளிக்கற்றைகள்) உணர வேண்டும் என்பதே. நாய்க் கயிற்றின் அகலம் 15, 20 மி.மீ. தான். அது திரைக்குத் தெரியாமலே போகலாம். பழைய லிஃப்டுகளில் ஒன்றோ இரண்டோ கற்றைகள் மட்டும் இருக்கும்.

தடுக்கும் முறை: கயிற்றைக் கையில் சுருட்டி அரை மீட்டராகக் குறைத்துப் பிடியுங்கள். தானாக நீளும் சுருள் கயிற்றை வாசலிலேயே பூட்டிவிடுங்கள். நுழையும்போது நாய் உங்கள் தொடையை ஒட்டி வரட்டும், வெளியேறும்போதும் அப்படியே. நாய் முழுதாக உள்ளே வந்து, கயிறும் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாடி எண்ணை அழுத்துங்கள். மணிக்கட்டில் வளையத்தை மாட்டிக்கொள்ளாதீர்கள். போனைப் பையில் வையுங்கள்.

சிக்கிவிட்டால்: லிஃப்ட் கிளம்பாதிருந்தால் கதவு திறக்கும் பட்டன், வெளியே நிற்பவரானால் அழைப்புப் பட்டன். கிளம்பிவிட்டால், நாய் உங்களோடு இருந்தால் கொக்கியைக் கழற்றுங்கள். நாய் மறுபக்கம் இருந்தால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். சிவப்பு நிறுத்தப் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். மடக்குக் கதவு லிஃப்டில் கதவை விலக்கினாலே மின்சுற்று அறுந்து கூண்டு நின்றுவிடும். மார்புப் பட்டை அணிந்த நாய்க்குக் கழுத்து இறுகும் அபாயம் குறைவு, தப்பிக்கச் சில நொடிகள் கிடைக்கும்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாமா?

கூடாது. கதவு திறக்கும் இடத்தில் ஒரு நாய் நின்றால் போதும், நகம் உங்கள் தோளில், பூனை படிக்கட்டில். மேல்பக்கம் திறக்கும் கூடையே நல்லது. அதை ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளே பழைய துண்டு போட்டு, அங்கேயே சாப்பாடு வையுங்கள். பூனையை அமைதிப்படுத்தும் பெரமோன் ஸ்பிரே பயன்படுத்துவதானால் கிளம்ப 15 நிமிடம் முன் அடியுங்கள்.

லிஃப்டில் கூடையை மூன்று பக்கம் துணியால் மூடி, திறந்த பக்கத்தை உங்கள் நெஞ்சோடு அணைத்து, அடியில் இரு கையும் கொடுத்துப் பிடியுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் ஊசலாட்டம் லிஃப்டின் அசைவோடு சேர்ந்துகொள்ளும். தரையில் வைத்தால் அடுத்து ஏறும் நாயின் மூக்குக்கு நேராக இருக்கும். பூனை தப்பிவிட்டால் அதே மாடியில், அருகிலேயே தேடுங்கள்: செருப்பு அலமாரிக்குப் பின், படிக்கட்டு மூலை, மின் மீட்டர் பெட்டி அறை. பயந்த பூனை பெரும்பாலும் தூரம் ஓடுவதில்லை, பதுங்கும்.

லிஃப்டுக் கண்ணாடியைப் பார்த்துக் குரைக்கிறது. குழந்தையோ கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கிறாள்.

கண்ணாடியில் தன்னையே அடையாளம் காண்பது குழந்தைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் வருகிறது. அதற்கு முன் அது இன்னொரு பாப்பா. நாய்களோ கண்ணாடிச் சோதனையில் தேறுவதில்லை. வாசனையில்லாத இன்னொரு நாய் மிக அருகில் நிற்பதாகத்தான் படும். நாயைக் கதவைப் பார்த்து உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பின்னால் பார்த்து வெளியேற அது தேவை.

குழந்தையின் கை கதவில் மாட்டாமல் இருக்க?

எல்லோரும் மூடும் கதவைத்தான் பார்க்கிறார்கள். திறக்கும் கதவு குழந்தைக்கு அதிக ஆபத்து. உள்ளே நின்று இரு உள்ளங்கையையும் கதவில் பதித்திருக்கும் குழந்தையின் கையை, கதவு பக்கவாட்டில் நகரும்போது தன்னோடு சுவர் இடுக்குக்குள் இழுத்துப்போகும். மூடும் கதவுக்காவது விசை வரம்பு உண்டு: 150 நியூட்டன், சுமார் 15 கிலோ எடையின் தள்ளல். விரல் இடுக்கில் போனால் அது உதவாது. பழக்க வேண்டிய விதி ஒன்றுதான்: முதுகு பின்சுவரில், கை அம்மா கையில்.

மடக்குக் கதவுள்ள பழைய லிஃப்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கம்பிகளின் இடைவெளியில் விரலும் பாதமும் நுழையும், கூண்டு ஓடும்போது எதிரே சுவரும் படியும் ஓடுகின்றன. வெளிக்கதவுக்கும் உள் மடக்குக் கதவுக்கும் நடுவே ஒரு குழந்தை நிற்கும் அளவு இடம் இருந்தால், அந்த லிஃப்டை உடனே சரிசெய்யச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

குழந்தை மட்டும் உள்ளே போய்க் கதவு மூடிவிட்டால்?

உடனே வெளி அழைப்புப் பட்டனை அழுத்துங்கள். கூண்டு கிளம்பாதிருந்தால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். கிளம்பிவிட்டால் கதவுக்கு மேலோ பக்கத்திலோ ஒளிரும் மாடி எண்ணைப் பாருங்கள், முதலில் எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். ஒருவர் இதே இடத்தில் நிற்கட்டும், இன்னொருவர் படிக்கட்டில் அங்கே போகட்டும். தனியாக இருந்தால் வாட்ச்மேனுக்குப் போன் செய்துகொண்டே ஏறுங்கள்.

மூன்று வயதிலிருந்தே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்து ஒத்திகை பாருங்கள்: “கதவு எங்க திறந்தாலும் வெளியே வா, எதிர்ச் சுவர்ல முதுகை வை, அங்கேயே நில்லு. நான் வருவேன்.” திரும்ப உள்ளே ஏறக் கூடாது. இருவரும் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் தேடல் நீளும்.

கரண்ட் போய் நடுவில் நின்றால்?

பல லிஃப்டுகளில் பேட்டரியில் ஓடும் மீட்புக் கருவி இருக்கிறது. அது சிறிது நேரத்தில் கூண்டை மெதுவாக அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும். அந்த மெதுவான நகர்வு குழந்தைக்குப் புதிது, முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் அலாரம், போன், காத்திருப்பு. கூண்டு காற்றுப் புகாத பெட்டி அல்ல, காற்றோட்டத் துளைகள் உண்டு, மூச்சு முட்டாது. கதவை நெம்பி இரண்டு மாடிக்கு நடுவே குழந்தையைத் தூக்கி வெளியே விடுவது வேண்டவே வேண்டாம். நாயோடு மாட்டிக்கொண்டால் தரையில் உட்காருங்கள், நாயும் படுத்துவிடும்.

காது அடைக்குமா?

பத்து மாடிக்குள் பொதுவாக இல்லை. 30 மாடி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 சதவீதம் குறையும். வேகமான லிஃப்டில், சளி பிடித்த குழந்தைக்கு உறுத்தலாம். ஒரு மடக்குத் தண்ணீர் போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

குழந்தையும் நாயும் சேர்ந்து ஏறும்போது யார் முதலில்?

பெரியவர் ஒருவரே என்றால்: கதவை உடம்பால் மறித்து நின்று, முதலில் குழந்தை, பிறகு உங்களை ஒட்டி நாய். தள்ளுவண்டியானால் பின்பக்கமாக நுழையுங்கள், நீங்கள் முதலில் போய் வண்டியை இழுத்துக்கொள்ளலாம். நாய்க் கயிற்றை வண்டியின் கைப்பிடியில் கட்டாதீர்கள். நாய் பின்வாங்கினால் வண்டியும் போகும்.

உள்ளே ஏற்கெனவே ஒரு நாயோ பயப்படும் ஒருவரோ இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். ஒதுங்க இடமில்லாத அந்தச் சின்ன அறையில் சாதுவான நாயும் உறுமும்.

லிஃப்டில் சிறுநீர் கழித்துவிட்டது. எதால் துடைப்பது?

துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நொதி (என்சைம்) வகைக் கிளீனர். அமோனியா கலந்தவை சிறுநீர் வாசனையையே நினைவூட்டி மறுபடி அங்கேயே போகவைக்கும். ஃபினாயில் வேண்டாம்: பூனையின் கல்லீரலால் பினால் வகைப் பொருள்களைச் சரியாக வெளியேற்ற முடியாது, பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும். துப்புரவுப் பணியாளரிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஈரமாக இருக்கும்போது நாயையும் நடத்தாதீர்கள், வழுக்கும்.

நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் சொல்லலாமா?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வளர்ப்பு நாய்க்கு லிஃப்டை மறுக்கவோ அதற்காகத் தனிக் கட்டணம் வாங்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமை இல்லை. அதே நேரம், கயிறு, சுத்தம், தடுப்பூசி மூன்றும் உங்கள் பொறுப்பு.

பத்து ஆண்டுகள் தயங்காமல் ஏறிய நாய் திடீரென்று மறுக்கிறது.

பயிற்சியைத் தொடங்காதீர்கள், முதலில் கால்நடை மருத்துவர். மூட்டு வலி இருந்தால் கிளம்பும்போது ஏறும் அந்தக் கூடுதல் சுமையே வலிக்கும். பார்வை மங்கினால் வாசல் இடைவெளி பள்ளமாகத் தெரியும். தலை ஒரு பக்கம் சாய்வது, கண்மணி தானாக அசைவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவை உள்காதுக் கோளாறின் அறிகுறிகள். வயதான நாய்களுக்கு இது திடீரென வரும், பல நாய்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. அதுவரை மார்புப் பட்டையைப் பிடித்துத் தாங்கி, ரப்பர் பாயில் நிற்க வைத்து, நெரிசல் இல்லாத நேரத்தில் அழைத்துப் போங்கள். சிறிய நாயானால் தூக்கிக்கொள்ளுங்கள்.